ஆடிப்பட்டமும் எங்கள் வீட்டு மாடியும்

அழைப்பிதழில் நான்கு மணி என்று அச்சடித்துவிட்டு, ஐந்தேகாலுக்குக் குத்துவிளக்கேற்றி, இந்த விழாவைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருக்கும் நம் ஊர் மல்லாட்டை வியாபாரிகள் சங்கத் தலைவர், அண்ணன் தேவநாதன் அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியைப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் தம்பி சவுரிராயன் அவர்களே! மண்ணைக் கொத்தி மானம் காக்கும் பெரியோர்களே! செஞ்சி ரோட்டிலிருந்தும் மயிலத்திலிருந்தும், அடுப்பை அணைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கும் என் தாய்மார்களே! கடைசி வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டே என்னைக் கவனிப்பதுபோல் பாவனை செய்யும் என் பழைய மாணவச் செல்வங்களே! போர்த்திய பொன்னாடை நழுவிவிடக் கூடாதே என்று தோளைத் தூக்கியபடி எனக்கு இடப்புறம் அமர்ந்திருக்கும் என் கணவர் அனந்தராஜ் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அனந்தவல்லியின் அன்பு வணக்கம்.

என் பேச்சு நீளாது. நீளவும் முடியாது. நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். பின்னால் பந்தியில் சாம்பார் கொதிக்கிறது, மேலே சூரியன் இறங்குகிறது, இரண்டுக்கும் நடுவே நான் நிற்கிறேன். ஆகவே, அவசரமாகவே ஆரம்பிக்கிறேன்.

வாசலில் வைத்திருக்கிறார்களே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், பார்த்தீர்களா? "உலகம் சுற்றிய உத்தமத் தம்பதி" என்று போட்டிருக்கிறார்கள். உலகம் சுற்றியது உண்மைதான். பதினாறு மாதம், ஏழு நாடு, இரண்டு பெட்டி. ஆனால் அந்த உத்தமம் என்ற சொல் இருக்கிறதே, அது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கைதட்டுவதை அதுவரைக்கும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தோராண்டுகள் புவியியல் ஆசிரியையாக இருந்தேன். கரும்பலகையில் கண்டங்களை வரைந்தேன், காற்று வீசும் திசைகளை வரைந்தேன். ஆனால் நான் வரைந்த கடலில் ஒன்றிலாவது கால் நனைத்தேனா? இல்லை! மரக்காணம் கடலைத் தவிர வேறு கடலை அறிந்தேனா? இல்லை! ஓய்வு பெற்ற அன்று இவரிடம் சொன்னேன்: "ஏங்க, நான் பாடம் நடத்துன ஊரை எல்லாம் ஒருதபா பாத்துட்டு வந்துடலாங்க." இவர் யோசிக்கவே இல்லை. "போலாம் வல்லி. அவல் எவ்வளவு எடுத்துக்கினு போவணும்னு மட்டும் சொல்லு" என்றார். அதுதான் இவர்.

அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இலங்கை பார்த்தோம், மலேசியா பார்த்தோம், கம்போடியா பார்த்தோம். வியட்நாமில் பதினொரு நாள் வாழைப்பழத்திலேயே வாழ்ந்தோம். துருக்கியில் தயிரைக் கண்டதும் இவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜார்ஜியா என்றொரு நாடு. அங்கே ஜூன் மாதத்தில் எட்டரை மணி வரைக்கும் வெயில் அடிக்கிறது. இவருக்கோ பரம சந்தோஷம். எட்டேகால் வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். "வல்லி, இங்கேயே ஒரு வூட்டப் பாத்துடலாமா?" என்று கேட்டார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டார்.

ஏழாவது நாடு, ஆப்பிரிக்காவில் மலாவி. அங்கேதான் பயணிகளாகப் போகாமல் பணி செய்யப் போனோம். பெரிய ஏரி ஒன்று, கடல் போல அலையடிக்கிறது. அதன் கரையில் ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெண்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து, புத்தகத்தில் நிலக்கடலை என்று போடுவார்களே, அந்த நம்ம மல்லாட்டையைப் பயிரிடுகிறார்கள். அனுபவமுள்ள விவசாயி ஒருவர் வந்து கூட இருந்து உதவ வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு விளம்பரம் செய்திருந்தது. இவர் கொல்லையில் மல்லாட்டை பயிர் செய்பவர், கடையில் மல்லாட்டை வியாபாரம் செய்பவர். விடுவாரா? சம்பளம் வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும் என்று எழுதிப் போட்டார். நான் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதாக ஏற்பாடு.

விமானத்திலேயே சொன்னேன் ஐயா! விமானத்திலேயே சொன்னேன்! "ஏங்க, நாம பூமத்திய ரேகைக்குத் தெக்கால போறோம். அங்க மழை கார்த்திகையிலதான். நம்ம பட்டம் அங்க செல்லாது." இவர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தா வல்லி, மூணு தலைமுறையா மல்லாட்டை போட்டுக்கினு இருக்குறவன் நான். எனக்கு மேப்பு காட்டாத." காட்டவில்லை. வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தோராண்டு பாடம் நடத்தியவளை, ஒரே வார்த்தையில் உட்கார வைத்தார்.

போய் இறங்கியபோது ஆனி முடிகிற நேரம். மேகம் இரண்டு ஏரிமேல் திரண்டு நின்றது. அவ்வளவுதான்! ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன நம் முன்னோர், மலாவிக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். பெண்களைக் கூப்பிட்டு, "விதை எல்லாத்தையும் எடுங்க. ஆடி பொறக்குது, ஜல்தி விதைக்கணும்" என்றார்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி எஸ்நாத் என்றொரு தாய். கணவனை இழந்தவள். மல்லாட்டை போடுவாள், ஏரி மீனை வாங்கிப் பரண்மேல் காயவைத்துச் சந்தையில் விற்பாள். அவளுக்கு ஒரு மகள், சிக்கொண்டி. அப்போது வயது பதினெட்டு. பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். எங்கள் பேச்சை அவர்களுக்கும், அவர்கள் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொன்னது அந்தப் பிள்ளைதான். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள் தாய்மார்களே, சிக்கொண்டி.

எஸ்நாத் வானத்தைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். மறுபடி வானத்தைப் பார்த்தாள். அவள் சொன்னதை மகள் எங்களுக்குச் சொன்னாள்: "அம்மா சொல்கிறாள், நீங்கள் விருந்தாளி. உங்கள் வார்த்தைக்காக நான்கு மூட்டை விதை தருகிறேன். மீதி நான்கு மூட்டைமேல் நான் உட்கார்ந்துகொள்கிறேன்." சொன்னவள் சும்மா சொல்லவில்லை ஐயா, நிஜமாகவே மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்! இவர் கெஞ்சினார். அசையவில்லை. கோபித்துக்கொண்டார். கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

நான்கு மூட்டை விதைத்தார். ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் சித்திரான்னம் வைத்துக் கும்பிட்டார். மழை வந்ததா? வரவில்லை. ஆவணி வந்தது, மழை வந்ததா? வரவில்லை. புரட்டாசி? அப்போதும் இல்லை! வந்ததெல்லாம் எறும்பு. எறும்பு தின்றது போக மிச்சத்தை எலி தின்றது. இருபத்திரண்டு குடும்பம் தின்னாமல் வைத்திருந்த விதை, இவர் வீம்பினால் மண்ணோடு மண்ணாகப் போனது.

ஏங்க, தலையை நிமிர்த்துங்க. சொல்லித்தானே ஆக வேண்டும்? பாருங்கள், சிரிக்கிறார். இன்றைக்குச் சிரிக்கிறார். அன்றைக்கு மூன்று நாள் சாப்பிடவில்லை. "ஊருக்குப் போயிடலாம் வல்லி. எந்த மூஞ்ச வச்சிக்கினு அவங்களப் பாக்குறது?" என்று அழுதார். அந்த நான்காம் நாள் எஸ்நாத் வந்தாள். திட்டவில்லை. ஒரு மண்வெட்டியை இவர் முன்னால் வைத்தாள். "அம்மா சொல்கிறாள், மழை வந்ததும் மீதி விதையைப் போடப் போகிறோம். ஆள் பற்றாது. நீங்கள் போய்விட்டால் யார் வெட்டுவது?"

கார்த்திகை மாதம் மழை கொட்டியது. அவள் உட்கார்ந்து காத்த விதை முளைத்தது. இவர் இப்போது பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டினார். களை வெட்டி, பூ இறங்கும் நேரத்தில் மண் அணைக்கும் நம்ம ஊர்ப் பக்குவத்தை, அவர்கள் கேட்ட பிறகு காட்டினார். பங்குனியில் செடியைப் பிடுங்கியபோது கொத்துக் கொத்தாகக் காய்! விதைக்கு எடுத்து வைத்தது போகத் தின்னவும் இருந்தது, விற்கவும் இருந்தது. எஸ்நாத் ஒரு கொத்தை எடுத்து இவர் காதில் தோடு மாதிரி மாட்டிவிட்டாள். ஊரே சிரித்தது.

இப்போது கைதட்டலாம் என்று நினைக்கிறீர்கள். பொறுங்கள். இதுவரைக்கும் இவர் செய்த தவற்றைச் சொன்னேன். நீங்களும் ரசித்துச் சிரித்தீர்கள். இனிமேல் நான் செய்த தவற்றைச் சொல்லப்போகிறேன். அதற்கும் சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பத்து மாதம் நாங்கள் எங்கே இருந்தோம்? எஸ்நாத் வீட்டில். அவளுக்கு ஓட்டு வீட்டில் ஒரே அறை. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் மகளும் சமையல் குடிசையில் படுத்தார்கள். நாங்கள் மாமிசம் தொடமாட்டோம் என்று தெரிந்ததும் சந்தைக்குப் போய்ப் புதுச்சட்டி ஒன்று வாங்கி வந்தாள். அதன் கழுத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, "இதில் மீன் படாது" என்று சத்தியம் செய்தாள். பத்து மாதமும் படவில்லை. நம்ம கேப்பைக்களி மாதிரி அவர்களுக்குச் சோளமாவுக் களி. பூசணிக் கீரையில் மல்லாட்டையை இடித்துப் போட்டு ஒரு கூட்டு. பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம் என்று சொன்னதிலிருந்து, நான்கரை மணிக்கே களி கிண்டி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவாள்.

இன்னொன்று. அவள் மீன் காயவைக்கும் பரண் முதலில் நாங்கள் படுத்த அறைக்குப் பின்னால்தான் இருந்தது. நான்காம் நாள் பார்த்தேன், பரணைக் காணோம். தூரத்தில் ஏரிப்பக்கம் கொண்டுபோய் நட்டிருந்தாள். தினமும் அவ்வளவு தூரம் மீன்கூடையைத் தலையில் சுமந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை! நாற்றம் போனது நல்லதாயிற்று என்று நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பினோம். சிக்கொண்டிக்கு நர்ஸ் படிப்பு படிக்க ஆசை. "எங்க ஊர்ப்பக்கம் வந்து படிம்மா, நாங்க இருக்கோம்" என்று எழுதியது யார்? நான்தான். விண்ணப்பம் நிரப்பியது யார்? நான்தான். உதவித்தொகை கிடைத்து, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருடம் விடுதியில் இருந்தாள். போன மாதம் விடுதிக் கட்டடத்தைப் பழுது பார்க்கப் போகிறோம், வருகிற ஒன்றாம் தேதிக்குள் எல்லோரும் வெளியே இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்கு என்ன கவலை? பஸ் ஏறி வீட்டிலிருந்து வந்து போவார்கள். ஏரிக்கரையிலிருந்து வந்தவள் எந்த பஸ் ஏறுவாள்? தங்க இடமில்லை என்றால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத்தான் போக வேண்டும். எனக்குப் போன் செய்தாள். "டீச்சரம்மா, எனக்கு இங்க ஒங்களத் தவிர யாரையும் தெரியாது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லுங்கள் தாய்மார்களே! ஆமாம்மா, நீங்கள் சொன்னதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "கவலப்படாதம்மா, விழுப்புரத்துலயே நல்ல வூடா பாத்துடலாம்" என்றேன்.

பார்த்தோம். மூன்று நாள், வெயிலில், நானும் அவளும் எட்டு வீட்டுப் படியேறினோம். ஒரு வீட்டில், "வெளிநாட்டுப் பொண்ணா? அப்புறம் பாஸ்போர்ட்டு, ஸ்டேஷன்னு ஒரே பேஜாருங்க" என்றார்கள். ஒரு வீட்டில், "எங்களுக்கு ஒண்ணுமில்லங்க, அக்கம்பக்கம் என்னா நெனைக்கும்?" என்றார்கள். அந்த அக்கம்பக்கத்துக்காரரும் அதையேதான் சொன்னார். இன்னொரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, அவளைப் பார்த்துச் சாத்திவிட்டார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து, அவள் எதிரிலேயே பேசினார்கள். ஒரு வருடமாக விழுப்புரத்தில் இருக்கிறாள் ஐயா, உங்களைவிட நன்றாகப் பேசுவாள்! ஒவ்வொரு வாசலிலும் எனக்குக் கோபம் பொங்கியது. சீச்சீ, இவர்களும் மனுஷர்களா என்று திட்டிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனேன்.

எட்டாவது வீடு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அஞ்சம்மாள் என்ற அம்மா. கெடாரிலிருந்து வந்து வீடு கட்டியவர். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "எம்மாடி, எங்கிட்ட எடம் இருந்தா இன்னிக்கே குடுத்துருப்பேன். பையன் புள்ளகுட்டியோட வந்து தங்கிக்கினு இருக்கான். ஆமா, நீங்க எந்த ஊரும்மா?"

"திண்டிவனங்க."

"சொந்த வூடா?"

"ஆமாங்க."

"மாடி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அதுல யாரு இருக்காங்க?"

யாருமில்லை. எட்டு மாதமாகக் காலி. அஞ்சம்மாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிக்கொண்டி குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். அந்த வார் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் மாடி காலி என்று மூன்று நாளாக அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னோடு வாசல் வாசலாக வந்திருக்கிறாள்.

பெரியோர்களே, கடலைத் தாண்டிய கால்கள் என் கால்கள். கண்டம் விட்டுக் கண்டம் நடந்த கால்கள் என் கால்கள். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படி. அந்தப் பதினேழு படியை இந்தக் கால்கள் தாண்டவில்லையே! ஏன் தாண்டவில்லை?

இதோ, இந்த மஞ்சப்பையில் இருக்கிறது காரணம். எடுக்கிறேன், எல்லோரும் பாருங்கள். பின்னால் இருப்பவர்களுக்காகப் படிக்கிறேன்: "மாடி வாடகைக்கு. சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்." மாடி கட்டிய வருடம் நானே பச்சைப் பெயின்டில் எழுதியது. கரும்பலகைக் கையெழுத்து, எவ்வளவு அழகு பாருங்கள்! அந்த ஏழு வீட்டுக்காரர்கள் வாயால் சொன்னதை, நான் வாய் திறக்காமல் பலகையில் எழுதி மாட்டியிருந்தேன். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

எஸ்நாத் பலகை மாட்டவில்லை. பரணை நகர்த்தினாள். மீன் தின்பவள், தின்னாதவளுக்காகத் தன் பிழைப்பையே தூக்கித் தூரத்தில் வைத்தாள். அகிம்சை அகிம்சை என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எறும்பை மிதிக்காமல் நடக்கப் பழகியவள் நான். ஒரு பெண்ணின் மனதை மூன்று நாள் மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேனே! என் விரதம் என் தட்டுக்குத்தான் தாய்மார்களே. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்க அது எனக்குக் கொடுத்த அதிகாரம் அல்ல!

யாரோ கேட்கிறீர்கள், காதில் விழுகிறது. "மீன் குழம்பு வாசனை வருமே, என்னா பண்ணுவீங்க?" நல்ல கேள்வி. வரும். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்லமாட்டேன். என் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அவள் பரணையே தூக்கினாள், நான் ஒரு ஜன்னலைச் சாத்தமாட்டேனா?

இன்று காலை இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறிக் கழற்றினேன். நான்கு திருகாணி. மூன்று வந்துவிட்டது, நான்காவது துருப்பிடித்து வரவே இல்லை. இவர் கீழேயிருந்து, "எனக்கும் மொத நாளே தோணிச்சி வல்லி. ஒன் அடுப்பாச்சே, நீயே சொல்லட்டும்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார். இரண்டு பேரும் ஒரே தராசில்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது. பலகையைப் பிடித்து இழுத்தேன். மூலை உடைந்து கையோடு வந்தது.

அண்ணன் தேவநாதன் அவர்களே, "உத்தம" என்ற சொல்லின்மேல் தயவுசெய்து ஒரு காகிதத்தை ஒட்டச் சொல்லுங்கள். "உலகம் சுற்றிய தம்பதி" போதும். நாங்கள் சுற்றியது சுற்றியதுதானே? அதை இல்லையென்று சொல்லவில்லை. இந்த அவையில் வீடு உள்ளவர்கள் இருக்கிறீர்கள், மாடி உள்ளவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வாசலிலும் பலகை இருக்கலாம். மரத்தில் இல்லாவிட்டால் மனதில் இருக்கலாம். நாளைக்குக் காலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாருங்கள். திருகாணி துருப்பிடித்திருக்கும், கொஞ்சம் பலமாக இழுங்கள்.

கடைசியாக, மூன்றாம் வரிசையில், தாய்மார்களுக்கு நடுவே, நீலச் சுடிதாரில் உட்கார்ந்திருக்கும் சிக்கொண்டி! உன்னை இங்கே வரச் சொன்னது விழா பார்க்க மட்டுமல்ல. இத்தனை பேர் எதிரில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இது மாடிச் சாவி. ரயிலில் போனால் முக்கால் மணி நேரத்தில் உன் கல்லூரி. வருவாயா?

எழுந்து நிற்கிறாள். தம்பி சவுரிராயன், அந்த இன்னொரு மைக்கைக் கொடுங்கள். வேலை செய்யவில்லையா? நல்லது, வழக்கம்தானே. சத்தமாகச் சொல்லம்மா, நான் திருப்பிச் சொல்கிறேன்.

கேட்டதா பின்னால் இருப்பவர்களுக்கு? சொல்கிறாள்: "டீச்சரம்மா, ஒங்கமேல எனக்கு வருத்தம் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். வர்றேன்னு இப்பவே சொல்லமாட்டேன். மொதல்ல வூட்டப் பாக்கணும். மாடியில தண்ணி எத்தினி மணிக்கு வரும்?"

இப்போது கைதட்டுங்கள் ஐயா, இப்போது தட்டுங்கள்! இவர் எழுந்து நின்று தட்டுகிறார் பாருங்கள், பொன்னாடை கீழே விழுந்தது கூடத் தெரியாமல். அவருக்குத்தான் தெரியும். எஸ்நாத் பெற்ற பிள்ளையல்லவா? தாய் பாதி மூட்டைமேல் உட்கார்ந்தாள், மகள் பாதி பதிலின்மேல் உட்கார்கிறாள். அப்படித் தாய் உட்கார்ந்ததால்தானம்மா எங்களுக்கு விதையே மிஞ்சியது.

காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவேன் சிக்கொண்டி. கோடையில் கொஞ்சம் கலங்கலாக வரும், மறைக்கமாட்டேன். நீயே வந்து குழாயைத் திறந்து பார்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், மறைவில் சிரித்த உங்கள் மனங்களுக்கும், எங்களை மேடையேற்றிய சங்கத்துக்கும் நன்றி. பொழுது இறங்குகிறது, சாய இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கிறது. பந்தியைப் போடச் சொல்லுங்கள் அண்ணா. நாங்கள் மூன்று பேரும் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வீடு பார்க்கப் போகிறோம். வணக்கம்.